காப்புரிமை விண்ணப்பத் தேதியும் முன்சான்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒன்றைச் செய்துவிட்டு, அதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்று யோசிக்கும் பட்டறைக்காரர்கள், கல்லூரி ஆய்வாளர்கள், சிறு தொழில் நடத்துவோர் ஆகியோருக்காக எழுதப்பட்ட பக்கம் இது. 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டமும் 2024 மார்ச் மாதம் திருத்தப்பட்ட விதிகளும் இதற்கு அடிப்படை. பிற நாட்டுச் சட்டங்கள் தேவையான இடங்களில் மட்டுமே வருகின்றன.

முன்சான்று என்பது என்ன?

காப்புரிமை அலுவலகங்களிலும் வழக்கறிஞர்கள் மத்தியிலும் இதைப் ‘பிரையர் ஆர்ட்’ என்றுதான் சொல்வார்கள். ‘முன்கலை’ என்று மொழிபெயர்த்தால் நாட்டியமும் சிற்பமும் நினைவுக்கு வருகின்றன; ஆகவே இங்கே ‘முன்சான்று’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே உலகுக்குத் தெரிந்திருந்தவை அனைத்தும் முன்சான்றுதான். அது எந்த நாட்டில், எந்த மொழியில், எத்தனை பிரதிகளில் வெளிவந்தது என்பது பொருட்டல்ல. ஜப்பானிய மொழியில் வெளிவந்து மறக்கப்பட்ட ஒரு விண்ணப்பமும், ஒரே ஒரு நூலகத்தின் அலமாரியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி இருக்கும் ஓர் ஆய்வேடும் உங்கள் விண்ணப்பத்தை வீழ்த்தப் போதுமானவை. எழுத்தில் இல்லாத அறிவையும் நம் சட்டம் விட்டுவைக்கவில்லை. ஓர் ஊராரிடமோ பழங்குடியினரிடமோ வாய்மொழியாக வழங்கிவரும் அறிவைக் காட்டி ஒரு காப்புரிமையை எதிர்க்கவும், வழங்கிய பின் ரத்து செய்யக் கோரவும் இடமுண்டு.

இதே கருவியை நான் 2019-லேயே செய்து முடித்துவிட்டேன். வேறொருவர் 2023-இல் விண்ணப்பித்திருக்கிறார். முதலில் செய்தவன் நான்தானே?

முதலில் செய்தவர் நீங்கள் என்பது மட்டும் உங்களுக்குக் காப்புரிமையைப் பெற்றுத் தராது. இந்தியாவில் முந்தியவர் யார் என்பதை விண்ணப்பத் தேதியே தீர்மானிக்கிறது. அந்த நான்கு ஆண்டுகள் கருவி எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து உங்கள் நிலை மாறும்.

நீங்கள் அதை விற்றிருந்தால், அல்லது பலரும் பார்க்கும்படி பயன்படுத்தியிருந்தால், அந்தப் பயன்பாடே அவருக்கு எதிரான முன்சான்று. பழைய பில்கள், தேதியிட்ட புகைப்படங்கள், வாங்கியவர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு அவருடைய விண்ணப்பத்தை எதிர்க்கலாம். அவருக்குக் காப்புரிமை கிடைக்காமல் போகலாம். ஆனால் அதே காரணத்தால் உங்களுக்கும் கிடைக்காது. கருவி யாருக்கும் தெரியாமல் உங்கள் பட்டறைக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: தனியாக யோசித்து அதையே செய்து விண்ணப்பித்தவர் உரிமை பெற்றுவிட முடியும்.

அவர் உங்களிடமிருந்தே எடுத்தார் என்றால் அது வேறு கதை. முறைகேடாகப் பெறப்பட்டது என்பதே எதிர்ப்புக்கான காரணங்களில் முதலாவதாகச் சட்டத்தில் இருக்கிறது. அதை நிரூபித்தால் காப்புரிமையை உண்மையான கண்டுபிடிப்பாளரின் பெயருக்கே வழங்கவும் வழியுண்டு. வெளிநாட்டில் பார்த்ததை இங்கே முதலில் கொண்டுவந்தவரை ‘உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்’ என்று நம் சட்டம் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவில் முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்று படித்தேனே?

பழைய செய்தி. 2013 மார்ச் 16-ஆம் தேதிக்கு முன்புவரை அப்படி இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் நோட்டுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி வைப்பார்கள்; யார் முந்தினார் என்று சண்டை வந்தால் அந்த நோட்டுதான் பேசும். 2011-இல் நிறைவேறிய சட்டம் அதை மாற்றி, அங்கும் முதலில் விண்ணப்பிக்கும் கண்டுபிடிப்பாளருக்கே முன்னுரிமை என்று ஆக்கிவிட்டது. இன்று அந்த நோட்டுக்கு மிஞ்சியிருக்கும் வேலை, யோசனை திருடப்பட்டது என்று காட்டுவதுதான்.

கண்காட்சியில் காட்டிவிட்டேன், யூடியூபிலும் போட்டுவிட்டேன். இனி விண்ணப்பிக்கலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் அதிக வருத்தத்தோடு பதில் சொல்ல வேண்டியிருப்பது இதற்குத்தான். ஒரு கண்டுபிடிப்பாளருக்கு எதிராக நிற்கும் முன்சான்று பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தோ சீனாவிலிருந்தோ வருவதில்லை. அவர் கையாலேயே வெளியிட்ட காணொளியாகவும் மாநாட்டுக் கட்டுரையாகவும்தான் வருகிறது. தன் கண்டுபிடிப்பைத் தானே வெளியிட்டால் தனக்கு எதிராக எப்படித் திரும்பும் என்று பலர் கேட்கிறார்கள். வெளியிட்டவர் யார் என்று சட்டம் பார்ப்பதில்லை. என்று வெளியானது என்றுதான் பார்க்கிறது.

இந்தியச் சட்டத்தில் சலுகைக் காலம் ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது மிகக் குறுகலான வாசல். மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை செய்த கண்காட்சியில் காட்டியிருந்தாலோ, அறிஞர் சபையொன்றின் முன் கட்டுரையாகப் படித்திருந்தாலோ, அதிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீடு உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. 2024 விதிகளின்படி இதைக் கோருவதற்குப் படிவம் 31 வந்திருக்கிறது. கல்லூரி புராஜெக்ட் தினமும், மாவட்டத் தொழில் கண்காட்சியும், வணிக வளாகத்தில் போட்ட ஸ்டாலும் தனியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருந்தாலன்றி இதற்குள் வரமாட்டா. யூடியூபுக்கு எந்தச் சலுகையும் இல்லை. உங்கள் ஒப்புதல் இல்லாமல் பிறர் வெளியிட்டிருந்தால், தெரிந்தவுடன் காலந்தாழ்த்தாமல் விண்ணப்பிப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு.

கண்டுபிடிப்பாளர் தானே வெளியிட்டிருந்தாலும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம். ஐரோப்பாவில் ஏறக்குறைய எந்தச் சலுகையும் கிடையாது. அமெரிக்க இணையதளங்களைப் படித்துவிட்டு “ஒரு வருஷம் டைம் இருக்கிறது” என்று சென்னையில் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் இந்திய உரிமையையும் ஐரோப்பிய உரிமையையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

கொடுத்தது ஒரே ஒருவரிடம்தான். புதுமையான பாகம் கருவிக்குள்ளே இருப்பதால் வெளியே தெரியாது. அதுவும் கணக்கில் வருமா?

வரக்கூடும். இதற்கு எல்லோரும் காட்டும் பழைய வழக்கு அமெரிக்காவைச் சேர்ந்தது. 1855-இல் சாமுவேல் பார்ன்ஸ் என்பவரின் தோழி, தன் கார்செட் உள்ளாடையின் எஃகுக் கம்பிகள் அடிக்கடி முறிந்துபோவதாகக் குறைப்பட்டுக்கொண்டார். முறியாத கம்பி செய்து தருகிறேன் என்று சொன்ன பார்ன்ஸ், ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அந்தப் பெண் அதை நெடுநாள் அணிந்தார். உள்ளாடை நைந்துபோகும்போதெல்லாம் கம்பியை மட்டும் பிரித்தெடுத்துப் புதியதில் வைத்துத் தைத்துக்கொண்டார். பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டனர். 1863-இல் நண்பர் ஒருவருக்கு அமைப்பை விளக்க வேண்டி வந்தபோது, பார்ன்ஸின் மனைவி உள்ளே போய் உள்ளாடையையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்து, தையலைப் பிரித்துக் கம்பியைக் காட்டினார். பார்ன்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1866-இல்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1881-இல் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. ரகசியம் காக்க வேண்டும் என்ற எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கொடுத்துவிட்ட பொருள், ஒன்றே ஆனாலும், ஆடைக்குள் மறைந்தே இருந்தாலும், பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததாகவே கொள்ளப்படும் என்பது தீர்ப்பு. காதலிக்குக் கொடுத்த பொருளுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்பது கொஞ்சம் கொடுமையாகத்தான் படுகிறது. அந்த அமர்விலும் ஒரு நீதிபதி உடன்படவில்லை.

இது இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. நம் சட்டத்தில் சோதனைக்கென ஒரு விலக்கு உண்டு: கண்டுபிடிப்பின் தன்மை காரணமாக அதைப் பொதுவெளியில்தான் சோதித்துப் பார்க்க முடியும் என்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நியாயமான அளவில் நடத்திய சோதனை உங்களுக்கு எதிராகாது. சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டிய வண்டிக்கு இது பொருந்தும்; சமையலறைக்குள்ளேயே சோதிக்கக்கூடிய கருவிக்குப் பொருந்துவது கடினம். வார்ப்படம் ஊற்றுபவர், லேத் ஒர்க் செய்து தருபவர், முதல் வாடிக்கையாளர் என யாரிடம் கொடுத்தாலும் ஒரு பக்க ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வதே நல்லது.

தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்துவிட்டால் எல்லாம் பத்திரம்தானே?

விவரக்குறிப்பு என்பது கண்டுபிடிப்பை விவரித்து விண்ணப்பத்தோடு தரும் தாள். அதில் எழுதியிருப்பது மட்டும் பத்திரம். ‘புரொவிஷனல்’ என்று எல்லோரும் சொல்லும் இந்த விண்ணப்பம் உங்களுக்கு ஒரு தேதியைத் தருகிறது. 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான் என்பதால், இரண்டு பத்தி எழுதி அவசரமாகப் போட்டுவிடும் பழக்கம் பெருகியிருக்கிறது. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

கோவையில் ஒருவர் சாய்த்து மாவு எடுக்கும் வெட் கிரைண்டரில் புதிய நெம்புகோல் அமைப்பைச் செய்து, ஜனவரியில் தற்காலிக விவரக்குறிப்பு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில், பானையைச் சாய்க்கும்போது கல் சரியாமல் பிடித்துக்கொள்ள ஒரு சுருள்வில் பூட்டைச் சேர்க்கிறார். ஏப்ரலில் விற்பனைக் கண்காட்சியில் பூட்டோடு சேர்த்தே காட்டுகிறார். டிசம்பரில் முழு விவரக்குறிப்பு தாக்கலாகிறது. நெம்புகோலுக்கு ஜனவரித் தேதி கிடைக்கும். ஏப்ரல் கண்காட்சி அதைத் தொடாது. ஆனால் சுருள்வில் பூட்டைப் பற்றி ஜனவரித் தாளில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கு டிசம்பர்த் தேதிதான்; ஏப்ரலில் அவரே காட்டியது அதற்கு முன்சான்றாகிவிடுகிறது. பல வேளைகளில் சந்தையில் விலைபோகும் புதுமை அந்தப் பூட்டாகத்தான் இருக்கும்.

இதைத் தவிர்க்க வழி எளிது. மார்ச் மாதமே பூட்டுக்கு இரண்டாவது தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு தற்காலிக விண்ணப்பங்களுக்கும் சேர்த்து ஒரே முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய அனுமதி உண்டு. 12 மாதக் கெடு முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணப்படும்.

எனக்கு முன் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதங்கள் கழித்தே காப்புரிமை இதழில் வெளியாகின்றன. அதுவரை அவை இருட்டில் இருக்கும். நீங்கள் விண்ணப்பித்த பின் வெளியாகும் ஒரு விண்ணப்பம் உங்களுடையதற்கு முந்தைய தேதி கொண்டதாக இருந்து, அதன் உரிமைக்கோரல்களில் (எதற்கெல்லாம் உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதும் வரிகளில்) உங்கள் கண்டுபிடிப்பும் கோரப்பட்டிருந்தால், உங்கள் கோரல் நிற்காது.

வெளியானவற்றையாவது எப்படித் தேடுவது?

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய மூன்றும் இலவசம். நீங்கள் வைத்திருக்கும் பெயரில் மட்டும் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வெட் கிரைண்டரை வெளிநாட்டார் ‘சாய்க்கக்கூடிய கலனுடைய உணவு அரைக்கும் சாதனம்’ என்று எழுதியிருப்பார்கள். அதனால் பன்னாட்டு வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு தேட வேண்டும். சமையலறைச் சாதனங்கள் ஏ47ஜே என்ற வகுப்பில் இருக்கின்றன. காப்புரிமைத் தளங்களோடு நிறுத்திவிடாமல் கம்பெனி கேட்டலாக்குகள், விற்பனைத் தளங்கள், பழைய காணொளிகள் ஆகியவற்றையும் பாருங்கள். “தேடிவிட்டோம், எதுவுமே இல்லை” என்று சான்று தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சித்த மருந்தொன்றை மேம்படுத்தியிருக்கிறேன். மரபு அறிவுக்குக் காப்புரிமை இல்லை என்கிறார்களே?

மரபு அறிவாகவே இருப்பதும், மரபில் அறியப்பட்ட பொருட்களின் அறியப்பட்ட குணங்களைத் திரட்டிச் சொல்வதும் கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் 3(p) உட்பிரிவு சொல்கிறது. மரபில் இல்லாத புதிய பயனை நீங்கள் சோதனையால் நிறுவினால் பேச இடமுண்டு. வடிவத்தை மட்டும் மாற்றி, கஷாயத்தை மாத்திரை ஆக்கினால் கடினம்.

இந்தப் பிரிவு இன்று இவ்வளவு விழிப்போடு பயன்படுத்தப்படுவதற்குப் பின்னால் மஞ்சள் வழக்கு இருக்கிறது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கென 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவில் காயம்பட்ட குழந்தைக்கு மஞ்சள் பற்றுப் போடாத வீடு ஏது என்று நாம் கேட்போம். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வெறுமனே பயன்பாட்டில் இருந்தது முன்சான்றாகாது. வெளிநாட்டைப் பொறுத்தவரை அச்சிட்ட நூலோ காப்புரிமையோ காட்டினால்தான் கணக்கு. கோடிக்கணக்கான அடுப்பங்கரைகள் அந்த அலுவலகத்தின் கண்ணில் இல்லாதவை. அதனால் இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 1996-இல் மறுஆய்வு கோரியபோது தாள்களைத் தேடிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று: சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் உட்பட 32 சான்றுகள். 1997-இல் காப்புரிமை ரத்தானது.

வேம்பு வழக்கில் வேறு வழி திறந்திருந்தது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றிருந்தன. ஐரோப்பியச் சட்டத்தில் உலகில் எங்கு நடந்த பொதுப் பயன்பாடும் முன்சான்றுதான். ஆகவே இந்தியாவில் வேப்பெண்ணெய்ப் பொருளைத் தயாரித்துச் சோதித்த ஒரு தொழிற்சாலை மேலாளர் நேரில் போய்ச் சாட்சி சொல்ல முடிந்தது. 2000 மே மாதம் அக்காப்புரிமை ரத்தாகி, 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அமெரிக்காவும் 2013 முதல் அந்த நாட்டெல்லை வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டது.

இந்த வழக்குகளுக்குப் பின் 2001-இல் தொடங்கப்பட்டதுதான் மரபு அறிவு மின்னூலகம். ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழிலுள்ள சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் அதில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளுக்கு மாற்றப்பட்டு, பல நாட்டுக் காப்புரிமை ஆய்வாளர்கள் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. சுவடியில் செய்யுளாக இருந்த ஒரு சூரணம் இன்று மியூனிக்கிலுள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஒருவர் மேசைக்கு முன்சான்றாகப் போகிறது. அதே சூரணத்தை நீங்கள் புதிது என்று கொண்டுவந்தாலும் அதே தாள்தான் உங்கள் முன் நீட்டப்படும்.

முன்பு இருந்ததை அப்படியே செய்யவில்லை, சற்று மாற்றியிருக்கிறேன். அது போதாதா?

புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதாகவும் அது இருக்கக் கூடாது. இந்தியாவில் இதற்கு அடித்தளமிட்ட வழக்கு ஒரு பாத்திரப் பட்டறையிலிருந்து வந்தது. மிர்சாபூரில் தட்டுகளை லேத்தில் சுழலவிட்டுச் சுரண்டி மெருகேற்றும்போது, அரக்குப் போன்ற பசையால் ஒட்டியோ தாடைகளில் கவ்வியோ பிடித்திருந்த தட்டு சில சமயம் பிடிவிட்டுப் பறந்து வேலையாட்களைக் காயப்படுத்தும். எதிர்முனையிலிருந்து ஓர் அழுத்தத் தண்டு தட்டை இறுக்கிப் பிடிக்கும்படி இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951-இல் ஓர் அமைப்பைச் செய்து காப்புரிமை பெற்றது. பயனுள்ள மாற்றம்தான், விபத்தும் குறைந்தது. ஆனாலும் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே அறிந்த உத்தியைப் பட்டறையில் பொருத்திக்கொண்ட சீர்திருத்தமே இது, கண்டுபிடிப்பு இல்லை என்று கூறிக் காப்புரிமையை ரத்து செய்தது.

காப்புரிமை வழங்கப்பட்டது என்பதாலேயே அது செல்லுபடியாகும் என்பதற்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்ன செய்தி. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டிலும் விண்ணப்பிக்க வேண்டுமென்றால்?

இந்தியாவில் தாக்கல் செய்த தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் பாரிஸ் உடன்படிக்கையின்படி இந்தியத் தேதியே அங்கும் செல்லும், பி.சி.டி. எனப்படும் பன்னாட்டுக் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகப் போனால் ஒவ்வொரு நாட்டிலும் நுழைய மேலும் அவகாசம் கிடைக்கும். இந்தியாவில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முன்அனுமதி தேவை. இல்லையேல் இந்தியாவில் தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். மீறினால் இங்குள்ள விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

தாக்கல் செய்த பிறகு என்னென்ன கெடுக்கள் உள்ளன?

தமிழ்நாட்டில் வசிப்போருக்கு உரியது கிண்டியிலுள்ள சென்னை அலுவலகம்; இணையவழியே போதும். ஆய்வு தானாக நடக்காது. படிவம் 18-இல் கோர வேண்டும். 2024 முதல் அதற்கான கெடு 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகச் சுருங்கியிருக்கிறது. கட்டணம் தனிநபருக்கு 4,000 ரூபாய். முதல் ஆய்வறிக்கை வந்ததும் ஆறு மாதங்களுக்குள் பதில் அளிக்க வேண்டும். முன்சான்று என்று ஆய்வாளர் கருதியவை அந்த அறிக்கையில்தான் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிடாதீர்கள். கோரலைச் சுருக்கி எழுதி மீள்வது அன்றாடம் நடப்பது.

எனக்குக் காப்புரிமை வேண்டாம். ஆனால் வேறு யாரும் இதற்கு உரிமை கோரிவிடக் கூடாது. என்ன செய்வது?

நீங்களே முன்சான்றை உருவாக்கிவிடலாம். விவரமாக எழுதி வெளியிடுவதே போதும், செலவும் இல்லை. வெளியான தேதி மறுக்க முடியாதபடி இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி இருக்க வேண்டும், படிப்பவர் அதைக் கொண்டே பொருளைச் செய்துவிடும் அளவுக்குத் தெளிவும் வேண்டும். துறை இதழில் வரும் கட்டுரை, திறந்த ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றிய கோப்பு ஆகியவை இதற்கு ஏற்றவை. ஒருவர் அதையும் மீறி விண்ணப்பித்தால், காப்புரிமை வழங்கப்படும் வரை எவரும் படிவம் 7ஏ மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்; முன்பு இலவசமாக இருந்த இதற்கு 2024 முதல் கட்டணம் உண்டு. வழங்கப்பட்ட பின் ஓராண்டு வரை, அதில் நலன் உள்ளவர் எதிர்க்கலாம். கருவியைச் சுற்றி நின்று எடுத்த படத்தை முகநூலில் போட்டு “எங்கள் புதிய தயாரிப்பு” என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே சுருள்வில் எங்கே மாட்டியிருக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. எதிர்ப்பு மனுவோடு அதை இணைத்துப் பெரிதாகப் பயனிருக்காது.